ஒன்பதாம் நம்பர் மாடியில் இருந்தது

ஒரு நாள் காலை என் கணவர் நடைப்பயிற்சி முடிந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால். கேட்டைத் திறந்து, சத்தமில்லாமல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, வாசற்படியில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் அவருக்கே அது தெரிந்தது.

"இன்னொன்னு எங்க அத்தான்?" என்றேன்.

"அதத்தான் நானும் பாக்கறேன் அம்மணி" என்றார்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவரே வந்த வழியில் திரும்பிப் போய், தெருமுனை பேக்கரிக்காரர் எடுத்து ஓரமாக வைத்திருந்த செருப்பை வாங்கிக்கொண்டு வந்தார். சும்மா வாங்கிக்கொண்டு வர மனம் வராமல் அங்கே ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தார். ஏதோ யோசனையில் வந்துவிட்டதாகச் சொன்னார். நானும் நம்பினேன். பட்டறையை மூடிய புதிது. மனிதருக்கு யோசிக்க எவ்வளவோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். பம்புக்கு வேண்டிய உதிரிகளைக் கடைந்து கொடுப்பார். சர்க்கரை நோய் இளவயதிலேயே வந்துவிட்டது. மாத்திரையை ஜெபம் போல ஒரு நாளும் தவறவிட மாட்டார். எனக்குப் பாளையங்கோட்டைப் பக்கம். சபை வழியாக வந்த சம்பந்தத்தில் கோயம்புத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் ஊரில் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும். இங்கே கோபத்துக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசுகிறார்கள். வந்த புதிதில் பஸ்ஸில் என் காலை மிதித்த ஒருவரிடம் என் கணவர், "ஏனுங்க, கால் கொஞ்சம் இவங்க மேல இருக்குதுங்க" என்று சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. மிதித்தவருக்கு மனம் நோகக் கூடாதாம். மிதிபட்டவள் பக்கத்தில் நொண்டிக்கொண்டு நிற்கிறேன். நல்ல மனிதரைத்தான் கட்டியிருக்கிறோம் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வாரம் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போனபோது ஒற்றைச் செருப்பு விஷயத்தை நான் வேடிக்கையாகச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. "கால்ல மதமதப்பு இருக்குதுங்களா? எரிச்சல், வலி ஏதாவது?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். உங்க தயவுல நல்லா இருக்கறேனுங்க" என்றார் இவர். வெளியே கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. டாக்டருக்கு இருந்த அவசரம் இவருக்குப் புரிந்துவிட்டது. அவர் கேட்ட கேள்விக்கு வேண்டிய பதில்தான் புரியவில்லை. ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடிப்பாகம் தடிமனாக, மெத்தென்று இருக்கிற, ஓடுகிறவர்கள் போடுகிற ஷூவாகப் பார்த்து வாங்கச் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார்.

எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது. போனில் ஷூ பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். தாடி வைத்த பையன்கள் ஷூவை இரண்டாக வளைத்துக் காட்டி, அடியில் இருக்கிற நுரையைப் பற்றிக் கல்யாணத்துக்கு மெத்தை வாங்குகிறவர்கள் மாதிரி பேசினார்கள். சாயங்காலம்தான் வாங்கப் போக வேண்டும், கால் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். பின்னால் குதிகால் வழுக்கக் கூடாது. எல்லாம் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்றைச் சொன்னார்கள். போட்டு நடந்து பாருங்கள், உங்கள் கால் சொல்லும் என்றார்கள்.

கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் எங்களைக் கவனித்துக்கொண்டார். நாள் முழுக்க மண்டியிட்டு மண்டியிட்டு அவருடைய பேண்ட் முழங்காலில் வெளுத்துப் போயிருந்தது. கீழே கண்ணாடி அலமாரியில் ஒரு காலுக்கான ஷூ மட்டும்தான். ஜோடி வேண்டுமென்றால் அவர் மாடிக்கு ஏறிப் போய்த் தேடி எடுத்துவர வேண்டும். குறுகலான இரும்புப் படி. அவர் ஏறும்போது அது சத்தம் போட்டது. ஒவ்வொரு முறை அது சத்தம் போட்டபோதும் என் கணவர் நாற்காலியில் நெளிந்தார்.

முதல் ஜோடி வந்தது. கடைக்காரர் மண்டியிட்டு இவருடைய காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைக்கப் போனார். இவர் சுட்டதுபோலக் காலை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, காலையெல்லாம் தொடாதீங்க. நானே போட்டுக்கறேனுங்க."

"பரவாயில்லீங்க சார், எங்க வேலைதானுங்களே."

"வேண்டாமுங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

வயதில் சின்னவர்தான், ஆனாலும் ஒரு மனிதர் மண்டியிட்டிருக்கிறார், அவர் கையில் தன் காலைக் கொடுப்பதா? இவருக்கு அது ஆகாது. தானே குனிந்து, மூச்சு வாங்க, போட்டுக்கொண்டார். கடைக்காரர் விரலால் முனையை அழுத்திப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரை இவர் கிட்டவே விடவில்லை. ஷூவைப் பார்த்தால் உள்ளே விரல் எங்கே முட்டுகிறது என்று வெளியே இருக்கிற எனக்கு எப்படித் தெரியும்?

"எப்படிங்க இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

அடுத்த ஜோடியும் நல்லா இருக்குதுங்க. அதற்கடுத்ததும் நல்லாத்தான் இருக்குதுங்க. எனக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாமே நல்லா இருந்தா எதை வாங்க? வாய்ல என்ன கொழுக்கட்டையா இருக்கு? எது மெத்துன்னு இருக்குன்னு சொல்லுங்க" என்றேன். இவர் எழுந்து கடைக்குள் போட்டிருந்த ரப்பர் விரிப்பின்மேல் போய் வந்தார். நடந்தபோது தன் காலை அவர் பார்க்கவே இல்லை. கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். நீல நிறத்தில் ஆரஞ்சுக் கோடு போட்ட ஒரு ஜோடியைத்தான் அந்தக் கடைக்காரர் கையிலேயே வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "இதுதானுங்க. மெத்துன்னு பஞ்சாட்டம் இருக்குது" என்றார் இவர்.

கடைக்காரர் மகிழ்ந்துபோனார். ஆனால் நேர்மையான மனிதர். இவர் அதை மறுபடி போட்டுக்கொண்டதும் கொஞ்சம் தள்ளி நின்று காலைப் பார்த்துவிட்டு, "எட்டாம் நம்பர் ஓரத்துல கொஞ்சம் புடைச்சாப்பல இருக்குதுங்க சார். ஒம்பது போட்டுப் பாத்துரலாமுங்களா? மாடியில இருக்குது, எடுத்துட்டு வாரேன்" என்று எழுந்தார்.

இவர் பதறிப் போனார். "வேண்டாமுங்க, வேண்டாமுங்க. எட்டே கச்சிதமா இருக்குதுங்க. நான் எப்பவுமே எட்டுத்தானுங்க."

"ஒரு நிமிசந்தானுங்க."

"எத்தனை தடவைதானுங்க ஏறுவீங்க? போதுமுங்க. இதையே கட்டிக் குடுத்துருங்க."

"போட்டுத்தான் பாருங்களேன் அத்தான்" என்றேன் நான். அவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "மனுசன் இத்தனை பொட்டியத் தொறந்து போட்டிருக்காரு. இன்னும் ஏறச் சொல்றியே அம்மணி. சரியா இருக்குது, நான்தான சொல்றேன்" என்றார். கால் அவருடையது. அதற்குமேல் நான் என்ன சொல்ல முடியும்? ஒன்பதாம் நம்பர் மாடியிலேயே இருந்தது. நாங்கள் எட்டாம் நம்பரைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த சில வாரங்கள் மனிதர் நீலக் காலோடு ரேஸ்கோர்ஸ் நடைபாதையைச் சுற்றி வந்தார். கூட நடக்கிறவர்கள் எல்லாம் ஷூவைப் பாராட்டினார்களாம். வந்ததும் வாசலில் உட்கார்ந்து கழற்றி, ஈரத்துணியால் ஆரஞ்சுக் கோட்டைத் துடைத்து வைப்பார். சாக்ஸை அவரே துவைத்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்தே தன் வேலையை என் தலையில் கட்டாத மனிதர். அக்கம்பக்கத்துப் பெண்கள் பொறாமைப்படுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஆராதனைக்குக் கிளம்பும்போது வீட்டில் ஒரு நாற்றம் அடித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று பீரோவை நகர்த்தி, கட்டிலடியைப் பெருக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இவர் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். நாற்றம் அவரிடமிருந்து வந்தது. "காட்டுங்க" என்றேன். "ஒண்ணுமில்ல அம்மணி, வேர்வை" என்றார். நான் கேட்கவில்லை. வலது சாக்ஸை இழுத்தேன். அது வரவில்லை. சுண்டுவிரல் பக்கம் தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து உரித்தபோது விரல் கறுத்துப்போய், அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது எலும்பு என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

இவர் குனிந்து அந்தக் காலை யாரோ மூன்றாம் மனிதருடைய காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்: "வலியே இல்ல அம்மணி. பயப்படாத."

ஆஸ்பத்திரியில் பாதத்துக்கென்றே தனியாக ஒரு டாக்டரம்மா இருந்தார். காயத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அதற்குக் கட்டுப் போடச் சொல்லிவிட்டு, மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையைக் கையில் எடுத்தார். இவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "நான் பாதத்துல தொடும்போதெல்லாம் 'ஆமா'ன்னு சொல்லணும், சரிங்களா?"

"சரிங்க."

நல்ல காலிலிருந்து ஆரம்பித்தார். பெருவிரலில் இழையை அழுத்தினார். "ஆமாங்க" என்றார் இவர். நடுப்பாதத்தில் அழுத்தினார். "ஆமாங்க." எனக்கு உயிர் வந்தது. பிறகு டாக்டரம்மா கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். இழை எங்கேயும் படவில்லை.

"ஆமாங்க" என்றார் இவர்.

டாக்டரம்மா இழையைத் தட்டில் வைத்துவிட்டார். இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டார். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தில் அதே பணிவோடு, சரியான இடைவெளி விட்டு, "ஆமாங்க... ஆமாங்க..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம்தான். "வாயை மூடுங்க!" என்று கத்திவிட்டேன். இவர் கண்ணைத் திறந்து, டாக்டரம்மாவைப் பார்த்து, "தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்கு வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். எப்போதிலிருந்து தெரியவில்லை? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் போனதாகச் சொன்னார். முதலில் எரிச்சல் இருந்ததாம். பிறகு அதுவும் நின்றுவிட்டதாம். எரிச்சல் நின்றதும் சரியாகிவிட்டது என்று நினைத்தாராம். தரை சூடாக இருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்பதெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்தாராம்.

"அப்ப ஷூக் கடையில மெத்துன்னு இருக்குன்னு சொன்னது?"

"அவரு அத்தனை ஆசையாக் கேட்டாரு. ஒண்ணுமே தெரியலீங்கன்னு எப்படிச் சொல்றது? மனுசனுக்குச் சங்கடமா இருக்குமில்ல?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு எதுக்கு வெசனம்னுதான்."

இந்த ஊர் மரியாதையை எவ்வளவோ பேர் புகழ்ந்து எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். எனக்கும் அதில் பங்கு உண்டு. நானும் பாளையங்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் பெருமையடித்தவள்தான். அது என் கணவரின் காலைத் தின்றது என்று நான் சொன்னால் என் நாத்தனார் கோபித்துக்கொள்கிறார். சர்க்கரைதான் தின்றது என்கிறார். அதுவும் சரிதான். ஆனால் சர்க்கரை எங்கள் வீட்டில் அத்தனை வருடமாக இருந்தது. கூடச் சேர்ந்துகொள்ள அதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

முதலில் விரலை எடுத்தார்கள். புண் ஆறவில்லை. பிறகு பாதத்தில் பாதி போயிற்று. அதுவும் ஆறவில்லை. கறுப்பு மேலே மேலே ஏறியது. சபையிலிருந்து பலர் வந்தார்கள், ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக. சுற்றி நின்று ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் இவர் ஒவ்வொருவரிடமும், "பஸ் கிடைச்சுதுங்களா? வெயில்ல வந்திருக்கறீங்க, தண்ணி குடிச்சீங்களா?" என்று விசாரித்தார். காய்ச்சலில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டு மாற்ற வந்த நர்ஸிடம் நாற்றத்துக்காக மன்னிப்புக் கேட்டார்.

கடைசியில் ஒரு மத்தியானம் அறுவைசிகிச்சை டாக்டர் வந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிரைக் காப்பாற்ற முடியும் என்றார். எங்களால் தாங்கிக்கொள்ள முடிகிற மாதிரி, மெதுவாக, உட்கார்ந்து சொன்னார். சொல்லிவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க. வேற டாக்டர்கிட்டயும் கேக்கணும்னா கேளுங்க" என்றார்.

என் கணவர் யோசிக்கவே இல்லை. "உங்களுக்கு எப்படித் தோதோ அப்படிச் செஞ்சுருங்க" என்றார்.

காலை எடுக்க வந்தவரிடம், மாடி ஏறப் போன கடைக்காரரிடம் பேசிய அதே குரலில் பேசினார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய் சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். துக்கம் என்றால் துக்கம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவர் ஒரே ஒரு தடவை, "ஐயோ, என் காலு" என்று கத்தியிருந்தால் எனக்குப் பாதி துக்கம் குறைந்திருக்கும்.

மாதங்கள் போயின. காயம் ஆறி, செயற்கைக் கால் பொருத்தலாம் என்றார்கள். பொருத்துகிற இடத்தில் ஷூவோடு வரச் சொன்னார்கள். ஷூவின் உயரத்தை வைத்துத்தான் காலைச் சரிசெய்வார்களாம். இருக்கிற காலுக்கும் அடி தடிமனாக, மெத்தென்றுதான் வேண்டும், அந்தக் காலிலும் உணர்ச்சி இல்லை, அதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இந்த முறை அவரைக் கடைக்குக் கூட்டிப் போகவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவருடைய இடது பாதத்தை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். வேறு கடை.

தாளை ஷூவுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். உள்ளே கைவிட்டு, தையல் எங்கே உறுத்துகிறது, முனையில் எவ்வளவு இடம் என்று தடவினேன். அப்படியும் மனம் ஒப்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஆண்கள் ஷூவில் என் காலை நுழைத்துக் கடைக்குள் நடந்தேன். விற்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். அடியில் நுரை அமுங்கி, குதிகாலைத் தாங்கி, மெல்ல மேலே தள்ளியது. என் வாழ்நாளில் இவ்வளவு சுகமான ஒன்றை நான் காலில் போட்டதில்லை. மெத்தென்று இருப்பது என்றால் இதுதான். இதைத்தான் அவர் காலில் உணராமலே, தெரியாமலே, பஞ்சாட்டம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நடுக்கடையில் நின்று அழுதேன். விற்கிற பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

பொருத்துகிற இடத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவரை நிற்க வைத்தார்கள். செயற்கைக் காலைச் செய்திருந்த இளைஞர் அதை மாட்டி, பட்டையை இறுக்கினார். "கொஞ்சம் எடையப் போட்டு நில்லுங்க சார்." இவர் நின்றார். ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. நெற்றியில் வேர்த்தது.

"வலிக்குதுங்களா சார்?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

எனக்குப் புரிந்தது. முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கிற அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறது. இது இல்லாததை இருக்கிறது என்று சொல்வது அல்ல. வலி இருக்கிறது, தெரிகிறது, உயிர் போகிறது, அப்போதும் அவருக்குச் சொல்ல வரவில்லை. "கழட்டுங்க" என்றேன். "உடனே கழட்டுங்க." இளைஞர் திகைத்து, பட்டையைத் தளர்த்தி உருவினார். தோல் ஓரிடத்தில் உரிந்து சிவந்திருந்தது.

"வலிச்சாச் சொல்லணுமில்லீங்களா சார்? அதுக்குத்தான் கேக்கறேன்" என்றார் அவர், கொஞ்சம் மனவருத்தத்தோடு.

"நீங்க இத்தனை நாள் கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கறீங்க..." என்று இவர் ஆரம்பித்தார். பிறகு என்னைக் காட்டி, "கோவிச்சுக்காதீங்க. அவ கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவா" என்றார்.

"தம்பி, இனிமே இவர்ட்ட எதையும் கேக்காதீங்க" என்றேன். "எங்கிட்ட கேளுங்க."

இளைஞர் உள்ளே போய் எதையோ தேய்த்துச் சரிசெய்து, மெல்லிய மெத்தையொன்றை வைத்துக் கொண்டுவந்தார். புண்ணில் படாதபடி ஒரு நிமிடம் மட்டும் பார்த்துவிடலாம் என்று மறுபடி மாட்டினார். என் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, ஓர் அடி எடுத்து வைத்தார். அந்த இளைஞர் அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"வலிக்குதுங்களாம்மா?"

"வலிக்குதுப்பா" என்றேன்.